எரியாத விளக்கை நம்பலாமா?

சுவிட்சைப் போட்டும் விளக்கு எரியவில்லை. பல்பை மாற்றிப் பார்த்தாயிற்று, அப்போதும் எரியவில்லை. ‘இந்த லைனில் கரண்ட் வரவில்லை’ என்று முடிவு கட்டி, ஸ்டூலைப் போட்டு ஏறி, ஹோல்டரின் மூடியைத் திருகத் தொடங்குவது நம் வீடுகளில் சகஜம். விளக்கு எரியாததிலிருந்து கரண்ட் இல்லை என்ற முடிவுக்குத் தாவும் அந்த ஒரு கணம்தான் வீட்டு மின்பழுதில் மிக ஆபத்தான கணம் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். காரணம் எளிது. விளக்கு எரியப் பல நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும்: பேஸ் வர வேண்டும், சுவிட்ச் இணைக்க வேண்டும், பல்பு நன்றாக இருக்க வேண்டும், நியூட்ரல் திரும்பிப் போக வேண்டும். ஷாக் அடிக்க பேஸ் மட்டும் இருந்தால் போதும். திரும்பிப் போகும் பாதையை நம் உடலும் கால் ஊன்றிய தரையும் அமைத்துக் கொடுத்துவிடும். நான்கு நிபந்தனைகளில் எது தவறினாலும் விளக்கு அணையும். அவற்றில் பேஸ் தவறியது மட்டுமே கையை ஷாக்கிலிருந்து காக்கும்.

நியூட்ரல் அறுந்த ஒரு விளக்கைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பின் ஹோல்டருக்குள் ஸ்பிரிங் வைத்த இரண்டு பித்தளை முனைகள் இருக்கும். ஒன்றுக்கு சுவிட்ச் வழியாக பேஸ் வருகிறது, மற்றொன்றிலிருந்து நியூட்ரல் புறப்படுகிறது. அந்த நியூட்ரல் வயர் எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுவிட்ச் போடப்பட்டிருக்கிறது. முதல் முனையில் தரையை ஒப்பிட்டு 230 வோல்ட் நிற்கிறது. கரண்ட் ஓடாததால் பல்பின் இழையில் மின்னழுத்தம் சற்றும் குறைவதில்லை. எனவே இழையின் மறுபுறமும், அதாவது நியூட்ரல் முனையிலும், அதே 230 வோல்ட்தான் நிற்கிறது. இரண்டு முனைகளுக்கும் இடையே வேறுபாடு பூஜ்யம், ஆகவே வெளிச்சம் இல்லை. ஆனால் இரண்டில் எதைத் தொட்டாலும் ஷாக். கழன்று தொங்கும் அந்தக் கறுப்பு வயரின் நுனிக்கும் இதே கதிதான். அதே நியூட்ரலை நம்பியிருக்கும் மின்விசிறியோ டியூப்லைட்டோ வேறொரு சுவிட்சில் போடப்பட்டிருந்தால், இந்த விளக்கின் சுவிட்சை அணைத்தாலும் மின்விசிறியின் சுருள் வழியாக வந்து கறுப்பு வயர் பேஸாகவே நிற்கும். நியூட்ரல் என்றால் தொடலாம் என்ற நம்பிக்கை, அது மின்மாற்றியில் எர்த் செய்யப்பட்ட புள்ளியோடு இணைந்திருக்கும் வரைதான் செல்லும்.

நியூட்ரல் முழுசாக இருந்தும் இதே நிலை வரும் இன்னொரு வழி, சுவிட்சை நியூட்ரல் வயரில் மாட்டிவிடுவது. விளக்கு வழக்கம்போல எரியும், வழக்கம்போல அணையும். பல வருடம் பயன்படுத்தினாலும் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரின் இரு முனைகளும் பேஸாக நிற்கும். பல்பு மாற்றும்போது விரல் உள்ளே பட்டால்தான் தவறு வெளியே தெரியும். இப்போது எல்.இ.டி. பல்பு வந்துவிட்டதே, அதில் ஆபத்து குறைவுதானே என்று சிலர் எண்ணுகிறார்கள். பல்பு எந்த வகையாக இருந்தாலும் ஹோல்டருக்கு வருவது அதே 230 வோல்ட்தான். பழைய வீடுகளில் மெயினுக்குப் பக்கத்தில் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு பீங்கான் ஃபியூஸ்கள் வைத்திருப்பார்கள். அவற்றில் நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் எரிந்துபோனால் வீடே இருண்டுவிடும், ஆனால் எல்லா வயரிலும் பேஸ் இருந்துகொண்டே இருக்கும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், எர்த் செய்யப்பட்ட நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது, வைத்தால் பேஸோடு சேர்ந்து ஒரே நேரத்தில் துண்டிக்கும் சுவிட்சாக இருக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டன. இருட்டையும் பாதுகாப்பையும் ஒன்றாக எண்ணும் மனிதப் பழக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட விதி அது.

மாடிப்படி விளக்கு இந்த வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. இங்கே எந்தப் பழுதும் தேவையில்லை, சரியாக வயரிங் செய்த சர்க்யூட்டே போதும். கீழே ஒரு டூ-வே சுவிட்ச், மேலே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று முனைகள்: நடுவில் பொது முனை, இரு பக்கமும் ஒவ்வொன்று. கீழ் சுவிட்சின் பொது முனைக்கு பேஸ் வருகிறது, மேல் சுவிட்சின் பொது முனையிலிருந்து விளக்குக்குப் போகிறது, இரண்டு சுவிட்சுகளின் பக்க முனைகளையும் இரண்டு வயர்கள் இணைக்கின்றன. கீழ் சுவிட்ச் எப்படி இருந்தாலும் அந்த இரண்டு வயர்களில் ஒன்றில் பேஸ் இருந்தே தீரும். மேல் சுவிட்ச் அதே வயரைத் தொட்டால் விளக்கு எரியும், மற்றதைத் தொட்டால் அணையும். அணைந்திருக்கும்போது பேஸ் எங்கே போயிற்று? மேல் சுவிட்சின் தொடப்படாத பக்க முனையில் வந்து நின்றுகொண்டிருக்கிறது. விளக்கு அணைந்திருக்கிறது என்று மாடிச் சுவிட்சைக் கழற்றுகிறவர் திருகாணியைத் தளர்த்துவது அந்த முனையாகவும் இருக்கலாம். இதில் இன்னொரு கெட்ட வகையும் உண்டு. அருகில் கிடைக்கும் பேஸையும் நியூட்ரலையும் இரண்டு சுவிட்சின் பக்க முனைகளுக்கும் கொடுத்து, விளக்கை இரண்டு பொது முனைகளுக்கும் நடுவே மாட்டிவிடுவார்கள். ஒருபுறம் பேஸும் மறுபுறம் நியூட்ரலுமாக அமைந்தால் விளக்கு எரியும். அணைந்திருக்கும் நிலைகள் இரண்டு: இருபுறமும் நியூட்ரல், அல்லது இருபுறமும் பேஸ். பார்வைக்கு இரண்டும் ஒரே இருட்டு. ஒன்றில் ஹோல்டர் பாதுகாப்பானது, மற்றதில் இரு முனையும் பேஸ். எந்த நிலையில் இருக்கிறது என்று விளக்கைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் டெஸ்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். திருப்புளி வடிவில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த நியான் டெஸ்டரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது சொல்லும் சேதிகளில் ஒன்று மிகப் பயனுள்ளது. எரியாத விளக்கின் ஹோல்டரில் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரிந்தால், நியூட்ரல் போய்விட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஆனால் டெஸ்டர் எரியாதபோது அது என்ன சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் உள்ளே சுமார் பத்து லட்சம் ஓம் மின்தடையும் ஒரு சிறிய நியான் விளக்கும் வரிசையாக இருக்கின்றன. பின்புறம் விரல் வைக்கும்போது நம் உடல் வழியாகத் தரைக்கு மில்லியாம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான கரண்ட் போகிறது, அது நமக்கு உறைக்காது. உடலும் தரையும் அந்தச் சர்க்யூட்டின் பாகம் என்பதுதான் சிக்கல். உலர்ந்த மரப்பலகை மேல், பிளாஸ்டிக் ஸ்டூலில், ரப்பர் செருப்போடு நின்றால் அந்தச் சொற்ப கரண்டும் குறைந்து, நியானின் ஒளி பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிவிடலாம். நியான் பழுதாகியிருக்கலாம், பின்புற ஸ்பிரிங் சரியாகத் தொடாமல் இருக்கலாம், திருப்புளியின் நுனி பெயின்ட் படிந்த திருகாணியின் மேல் நின்றிருக்கலாம். இத்தனை காரணங்களில் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: டெஸ்டர் எரியவில்லை. விளக்கின் இருட்டில் இருந்த அதே குறை டெஸ்டரின் இருட்டிலும் இருக்கிறது. பாதுகாப்புக்காக என்று பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நிற்பவருக்குத்தான் டெஸ்டர் பொய் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

சரி, டெஸ்டரை விட்டுவிட்டு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிவிட்டால் தீர்ந்ததா? மல்டிமீட்டரின் பிழை எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. இணைப்பே இல்லாத வயரில்கூட அது 60, 100 வோல்ட் என்று காட்டும். கண்ட்யூட் குழாய்க்குள் அருகருகே ஓடும் இரண்டு வயர்கள் நடுவில் பிவிசி உறையோடு சேர்ந்து ஒரு மின்தேக்கியாகிவிடுகின்றன. மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஓட்டத்துக்கு 1,000 பிக்கோஃபாரட். 50 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 32 லட்சம் ஓம் தடைக்குச் சமம். எங்கும் இணைக்காத வயருக்குப் பக்கத்துப் பேஸ் வயரிலிருந்து மில்லியாம்பியரில் நூற்றில் ஏழு பங்கு அளவுக்குக் கரண்ட் கசியும். மல்டிமீட்டரின் உள்தடையோ ஒரு கோடி ஓம். அவ்வளவு பெரிய தடைக்கு அந்தக் கசிவே போதும், பெரிய எண்ணைக் காட்டிவிடும். அதே இடத்தில் 40 வாட் குண்டு பல்பை வைத்தால், எரியும் நிலையில் அதன் தடை சுமார் 1,300 ஓம்தான் என்பதால், பத்தில் ஒரு வோல்ட்கூட நிற்காது. சுவிட்சை அணைத்த பிறகும் சில வீடுகளில் எல்.இ.டி. பல்பு மங்கலாக ஒளிர்வதும், நிமிடத்துக்குச் சில தடவை மின்னுவதும் பெரும்பாலும் இந்தக் கசிவால்தான். சுவிட்சிலேயே சின்ன நியான் இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகவும் கசியும். பேய் பிசாசு என்று பயப்பட வேண்டியதில்லை, ஆனால் ‘எல்.இ.டி.னா அப்படித்தான்’ என்று தள்ளிவிடவும் கூடாது. சுவிட்ச் நியூட்ரலில் மாட்டப்பட்டிருந்தாலும் இதே மங்கல் தெரியும். ஆகையால் மங்கலாக எரியும் எல்.இ.டி.யைக் கண்டால் செய்ய வேண்டியது, சுவிட்ச் பேஸில்தான் இருக்கிறதா என்று வயர்மேனைக் கொண்டு பார்ப்பது. குறைந்த உள்தடையில் அளக்கும் ‘லோ-இசட்’ வசதி கொண்ட மீட்டரும், இரண்டு முனைகளையும் நேரடியாக வைத்து அளக்கும் வோல்ட்டேஜ் டெஸ்டரும் இந்தப் போலி வோல்ட்டை விழுங்கிவிட்டு உண்மையானதை மட்டும் காட்டும். வெறும் ஹோல்டரில் இரண்டு வயரை மாட்டிச் செய்யும் டெஸ்ட் லாம்பும் அதே வேலையைச் செய்யும்தான், ஆனால் திறந்த செம்பு நுனிகளைக் கையில் பிடித்துச் செய்யும் அந்த முறையை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

அப்படியானால் ‘கரண்ட் இல்லை’ என்று சொல்ல எது போதுமான சான்று? மௌனத்தை மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், பேசத் தெரிந்த கருவி பேசாமல் இருப்பதைக் காட்ட வேண்டும். தொழில் தெரிந்தவர்கள் இதை மூன்று படியாகச் செய்கிறார்கள். முதலில், கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் கருவியை வைத்து அது காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு மெயினை அணைத்து, வேலை செய்யப்போகும் இடத்தில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே என மூன்று ஜோடியையும் அளக்கிறார்கள். மூன்றாவதாக, கரண்ட் இருக்கும் ஓர் இடத்துக்கு மறுபடி போய்க் கருவி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நடுவில் பேட்டரி தீர்ந்திருந்தாலோ வயர் அறுந்திருந்தாலோ இந்தக் கடைசிப் படியில் அகப்பட்டுவிடும். வீட்டையே அணைத்துவிட்டு மூன்றாவது படிக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. தெரிந்த மின்னழுத்தம் தரும் எந்த மூலமும் போதும். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் சாக்கெட்டே இருக்கிறது. அந்த இன்வெர்ட்டர்தான் நம் வீடுகளில் மறக்கப்படும் ஆபத்தும்கூட. மெயினை அணைத்த மறுநொடியே அது விழித்துக்கொண்டு, சில அறைகளின் விளக்குக்கும் விசிறிக்கும் 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கும். வேலை செய்யப்போவது அந்த விளக்குகளில் என்றால் இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும். ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொன்றுக்குக் கடன் வாங்கிய வீடுகளில், தனி எம்.சி.பி.யை அணைத்துவிட்டு நியூட்ரல் வயரைப் பிரித்தால் பக்கத்து அறை விளக்கின் கரண்ட் அதன் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கும். பிரித்த கணத்தில் அந்த நுனி பேஸாகிவிடும். அதனால்தான் அறையின் எம்.சி.பி.யோடு நிற்காமல், பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் மெயினை அணைக்கச் சொல்கிறேன். அணைத்த மெயினை வேறு யாரும் போட்டுவிடாதபடி பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதும் சோதனையின் பாகமே. ‘கரண்ட் போச்சே’ என்று வீட்டார் மெயினை ஏற்றிவிடுவது நடக்கக்கூடிய காரியம்.

இவ்வளவு எதற்கு, எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் பார்த்துக்கொள்ளுமே என்பது படித்தவர்கள் எழுப்பும் ஆட்சேபம். எம்.சி.பி.யை முதலில் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். உடலின் தடை தோராயமாக 1,000 ஓம் என்றால் 230 வோல்ட்டில் ஓடுவது 0.23 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஓர் ஐம்பது வாட் பல்பு போல்தான், அது வயரைக் காக்கப் பிறந்தது. ஆர்.சி.சி.பி. வேறு விஷயம். பேஸில் போனதும் நியூட்ரலில் வந்ததும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் அது, வித்தியாசம் 30 மில்லியாம்பியரைத் தொட்டால் 0.3 நொடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது தர நிர்ணயம். அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்ஸியல் தன்னார்வலர்களிடம் செய்த சோதனைகளில், பிடித்த கம்பியைச் சுயமாக விட முடிகிற உச்சவரம்பு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5 என்று கண்டார். அதே டால்ஸியல்தான் பிற்காலத்தில் இத்தகைய கசிவு துண்டிப்பானை உருவாக்கி எண்ணற்ற உயிர்களைக் காத்தவர். எனவே ஆர்.சி.சி.பி.யை ஒவ்வொரு வீட்டிலும் வைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அதன் கண் எதைப் பார்க்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்து, உலர்ந்த ஸ்டூலில் நிற்பவரின் உடல் வழியாகப் போகும் கரண்ட் முழுவதும் நியூட்ரலிலேயே திரும்பிவிடுகிறது. வித்தியாசம் இல்லை, ஆகவே ஆர்.சி.சி.பி. அவரை ஒரு பல்பு என்றே எண்ணும். சுவிட்ச் போர்டைத் திறந்து இரண்டு கையையும் உள்ளே விடுபவர் நிற்பது சரியாக இந்த இடத்தில். இன்வெர்ட்டரின் அவுட்புட் பல வீடுகளில் ஆர்.சி.சி.பி.க்கு அப்பால் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆட்சேபம் அனுபவத்தின் பெயரால் வருகிறது. முப்பது வருடமாக மெயினை அணைக்காமலே வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது. ஷாக்கின் கடுமை கையின் ஈரம், தரையின் தன்மை, செருப்பு, தொட்ட இடம், எத்தனை நொடி என்பவற்றைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கிறது. கோடையில் உலர்ந்த விரலுக்குச் சுள்ளென்று மட்டும் பட்டது, மழைக்காலத்தில் ஈரச் சுவரில் சாய்ந்து நிற்கும்போது பிடியை விடவிடாது. முப்பது வருடம் தப்பித்தவர் நம்மிடம் பேச இருக்கிறார், தப்பாதவர் அந்த உரையாடலில் இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்களை 12,000-க்கு மேல் என்று கணக்கிடுகிறது. அத்தனை பேரும் வீட்டு வயரிங்கில் கைவைத்தவர்கள் அல்லர், வயல்வெளிக் கம்பிகளும் கட்டுமான இடங்களும் அதில் அடக்கம். ஆயினும் 230 வோல்ட் பழகிய ஒன்று என்பதால் லேசானது என்று நம்புவதற்கு அந்த எண்ணில் எந்த ஆதரவும் இல்லை.

இதே சான்று முறைதான் பழுதைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது, பாதுகாப்பும் திறமையும் இங்கே ஒரே பாதையில் போகின்றன. எரியாத விளக்கின் பழுது மெயினிலிருந்து பல்பு வரை எங்கும் இருக்கலாம். அந்தத் தூரத்தைப் பாதியாக வெட்டும் கேள்விகளைக் கேட்க வேண்டும், எதையும் திறக்காமலே சில கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். அதே சுவிட்ச் போர்டின் மற்ற விளக்கும் விசிறியும் ஓடுகின்றனவா? ஓடினால் போர்டு வரை பேஸ் வந்திருக்கிறது. மீதமிருப்பது அந்த ஒரு சுவிட்ச், அங்கிருந்து ஹோல்டருக்குப் போகும் வயர், ஹோல்டர், பல்பு, அந்த விளக்குக்கான நியூட்ரல் ஆகியவை மட்டும். அதே பல்பு வேறு ஹோல்டரில் எரிகிறதா? எரிந்தால் பல்பும் பட்டியலிலிருந்து போயிற்று. இதற்குமேல் தெரிய வேண்டுமானால் மெயினை அணைத்து, மேலே சொன்ன மூன்று படிகளையும் முடித்த பிறகே போர்டைத் திறக்க வேண்டும். இப்போது மல்டிமீட்டரைக் கண்டின்யூட்டியில் வைத்துச் சுவிட்சின் இரு முனையிலும் தொடுங்கள். போட்டால் பீப் ஒலி, அணைத்தால் மௌனம். இரண்டு நிலைக்கும் இரண்டு வெவ்வேறு பதில் எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி இது என்பதால்தான் நம்பகமானது. போட்டாலும் அணைத்தாலும் மௌனம் என்றால் உள்ளே தொடுமுனை தேய்ந்திருக்கிறது. போட்டாலும் அணைத்தாலும் ஒலி என்றால் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஹோல்டரில் ஸ்பிரிங் முனைகள் கருகி உள்ளேயே சிக்கிக்கொள்வது நம் பின் ஹோல்டர்களில் அடிக்கடி காணும் பழுது, அதைத் தட்டி நிமிர்த்துவதைவிட ஹோல்டரையே மாற்றிவிடுவது நல்லது.

விளக்கு அடியோடு எரியாததைவிட, எரிந்து எரிந்து அணைவதுதான் எனக்கு அதிகக் கவலை தரும் அறிகுறி. லூஸ் கனெக்‌ஷனில் வெளிச்சம் இருக்கிறது, எம்.சி.பி. விழவில்லை, ஆர்.சி.சி.பி. விழவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று வீடு நம்பிக்கொள்கிறது. 2,000 வாட் கீசர் ஓடும்போது சுமார் 8.7 ஆம்பியர் போகிறது. சாக்கெட்டின் திருகாணி தளர்ந்து அந்த இணைப்பில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டால், கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 38 வாட் வெப்பம். டி.வி. ரிப்பேர் கடையின் சால்டரிங் அயர்ன் அளவுக்கான சூடு, பிளாஸ்டிக் பெட்டிக்குள், சுவருக்குள். கரண்ட் அதிகமாகவில்லை, சற்றுக் குறைந்துகூட இருக்கும். அதனால் எம்.சி.பி.க்கு விழக் காரணமே இல்லை. தரைக்குக் கசியவில்லை, அதனால் ஆர்.சி.சி.பி.யும் பேசாது. இங்கே சாட்சி சொல்வது நம் புலன்கள்தான்: சுவிட்ச் போர்டிலிருந்து வரும் மீன் வாடை போன்ற கருகல், பழுப்பேறிய சாக்கெட், கரகர சத்தம், மிக்சியைப் போட்டதும் மங்கும் விளக்கு. செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்கி டேப் சுற்றிய பழைய இணைப்புகளில் இது சீக்கிரம் வரும், இரண்டு உலோகமும் சூட்டில் வெவ்வேறு அளவு விரிந்து சுருங்கிப் பிடியைத் தளர்த்திவிடும். இத்தகைய அறிகுறி கண்டால் அந்தச் சர்க்யூட்டை அன்றே நிறுத்திவிட வேண்டும், ‘ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்’ என்று தள்ளிவைக்கக் கூடாது.

அறிகுறி தெரியும் இடமும் பழுதின் இடமும் வேறாக இருப்பதற்கு ஆர்.சி.சி.பி. விழும் வீடுகள் நல்ல உதாரணம். சமையலறையில் கிரைண்டரைப் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. கிரைண்டரை மாற்றுகிறார்கள், சமையலறை சாக்கெட்டை மாற்றுகிறார்கள், பயனில்லை. எல்லா எம்.சி.பி.யையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கும் வழக்கமான முறையும் சமையலறையையே குற்றவாளியாகக் காட்டுகிறது. உண்மையில் குளியலறையின் சுவரில் ஈரம் இறங்கி, அங்கே நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். குளியலறையின் எம்.சி.பி. அணைந்திருந்தாலும் அது பேஸை மட்டும்தான் துண்டித்திருக்கிறது, நியூட்ரல் பொதுப்பட்டையில் இணைந்தே இருக்கிறது. கிரைண்டரின் கரண்ட் பொதுப்பட்டைக்குத் திரும்பி வரும்போது ஒரு பங்கு குளியலறை வழியாக எர்த்துக்குப் போய்விடுகிறது. ஆர்.சி.சி.பி. வித்தியாசத்தைக் கண்டு விழுகிறது. இதைக் கண்டுபிடிக்க மெயினை அணைத்து, ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலையும் பட்டையிலிருந்து பிரித்து, எர்த்தோடு இணைப்பு இருக்கிறதா என்று அளக்க வேண்டும். எரிச்சலில் ஆர்.சி.சி.பி.யையே கழற்றி நேரடியாக இணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அந்த வீட்டில் உண்மையைச் சொன்ன ஒரே சாட்சியின் வாயை அடைப்பதற்கு ஒப்பான செயல் அது, அதைச் செய்து தரும் ஆளை மறுமுறை வீட்டுக்குள் விடக் கூடாது.

இதையெல்லாம் வீட்டுக்காரர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும், வயர்மேனைக் கூப்பிட்டால் போகிறது என்பது கடைசி ஆட்சேபம், பாதி சரியான ஆட்சேபமும்கூட. வயரிங்கில் கை வைக்கும் வேலை, அரசின் தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளருக்கு உரியது. மீட்டரும் அதற்கு முந்தைய சீல் வைத்த பகுதியும் மின்வாரியத்துடையவை. ஆனால் பல்பை மாற்றுவதும், எதை எப்போது அணைப்பது என்று முடிவெடுப்பதும், அறிகுறியைச் சரியாகக் கவனித்துச் சொல்வதும் வீட்டில் இருப்பவரின் கையில்தான் இருக்கின்றன. ஓர் அறிகுறியில் இது மிக முக்கியமாகிறது. திடீரென்று சில அறைகளில் விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசிக்கிறது, வேறு சில அறைகளில் மங்குகிறது என்றால் த்ரீ பேஸ் இணைப்பின் நியூட்ரல் மீட்டருக்கு முன்போ பின்போ அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது ஒரு பேஸின் சுமையும் இன்னொரு பேஸின் சுமையும் 400 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக நின்றுவிடுகின்றன. ஒன்றில் 100 வாட், மற்றதில் 1,000 வாட் ஓடிக்கொண்டிருந்தால், குறைந்த சுமைப் பக்கத்துக்கு ஏறத்தாழ 364 வோல்ட், அதிகச் சுமைப் பக்கத்துக்கு 36 வோல்ட். டி.வி.யும் எல்.இ.டி.யும் புகையும்போது பக்கத்து அறையில் இஸ்திரிப் பெட்டி சூடாகாமல் கிடக்கும். இங்கே டெஸ்டரை எடுத்துத் தேடக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு, தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது ‘கரண்ட் இல்லை’ என்று சொல்லாமல், எந்த அறையில் பிரகாசித்தது, எந்த அறையில் மங்கியது, பக்கத்து வீட்டிலும் அப்படியா என்று சொன்னால், வருகிறவர் ஃபியூஸைத் தேடி நேரம் கழிக்காமல் நேராக நியூட்ரல் இணைப்பைப் பார்ப்பார்.